சொல்வதை எழுதுதல்

ஆறாம் வகுப்பு பி பிரிவுத் தோழிகளே,

என்னை இந்தக் குழுவில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் எல்லாரும் பேசிப் பேசி அனுப்புகிறீர்கள். எனக்குத் தெரிவது ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் நெளிகிற ஒரு கோடும்தான். என் மகள் வேலை முடித்து வந்து, கேட்டு, எழுதிக் கொடுத்த பிறகுதான் யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் பெண்ணுக்கு வளைகாப்பு என்று எனக்குத் தெரியவருகிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்த வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துத் தேடித் தட்டுவதைவிடப் பேசுவது சுலபம்தான்.

போன வாரம் உங்களில் ஒருத்தி எழுத்தில் கேட்டிருந்தாள்: "நீ எங்களோட ஒரு வருஷம்தானே படிச்சே? ஏன் நின்னுட்டே?" ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. உங்கள் பெயர்களை நான் காதால் கேட்டதே இல்லை. வருகைப் பதிவேட்டில் எட்டிப் பார்த்துப் படித்ததுதான். என் கையில் உங்களுக்கெல்லாம் வேறு பெயர் இருக்கிறது. நெற்றிச் சுழி, இங்க் விரல், ஓட்டைப் பல், ஓயாமல் பாவாடையை இழுத்துவிடுகிறவள். யார் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் படுத்து எழுந்தபோது உயிர் மிஞ்சியது, காது போய்விட்டது. அதற்குள் ஒன்றாம் வகுப்பு முடித்து எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். பேச்சும் கொஞ்சம் இருந்தது. அந்தப் பேச்சு கரைந்துவிடக் கூடாது என்பதுதான் அம்மாவுக்கு மூச்சு. சென்னையில் ஒரு டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: கை காட்டிப் பேச விட்டால் வாய்ப்பேச்சு வராது, கையைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று.

அம்மா அப்படியே செய்தாள். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் என்னை எதிரில் உட்காரவைத்து வாய்க்கு நேரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிப்பாள். 'ப' சொன்னால் காகிதம் ஆட வேண்டும். 'ம' சொன்னால் மூக்கின் பக்கத்தில் வைத்த விரல் அதிர வேண்டும். 'க' வராதபோது வாயில் தண்ணீர் ஊற்றி அண்ணாந்து கொப்புளிக்க வைப்பாள். அவளுக்குப் பல்வலி, எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பாள். 'ப' என்றாலே எனக்கு இன்றைக்கும் கிராம்பு வாசனைதான். நான் அவசரத்தில் கையைத் தூக்கிவிட்டால் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கோபமே இருக்காது. குளிரில் இருக்கிற கையைச் சூடு பண்ணுகிற மாதிரிதான் பிடிப்பாள்.

அப்பா கடலூர் - சிதம்பரம் பேருந்தில் கண்டக்டர். கலகலப்பான மனிதர். யார் என்ன பேசினார்கள் என்று எனக்குப் பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். சண்டை என்றால் இரண்டு பேர் மாதிரியும் நடித்துக் காட்டுவார். இதில் வருகிற பேச்செல்லாம் அவர் எழுதிக் கொடுத்ததும், நான் உதட்டில் படித்ததும்தான்.

முதுநகரில் அந்தப் பெண்கள் பள்ளியில் என்னைச் சேர்க்க அம்மா மூன்று முறை நடந்தாள். பெரிய டீச்சருக்கு மனமில்லாமல் இல்லை, பயம். கடைசியில், "ஒரு வருஷம் பாப்போம்மா" என்றார். அப்படித்தான் உங்களோடு வந்து உட்கார்ந்தேன்.

முதல் நாள் நீங்கள் எல்லாரும் பார்த்தது என் மார்பில் கட்டியிருந்த பெட்டியைத்தான். தீப்பெட்டியைவிடப் பெரிதான காது மெஷின். அதற்காக அம்மா சீருடைத் துணியிலேயே பை தைத்து, தோளில் பட்டை வைத்திருந்தாள். பையிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ரஃப் நோட்டைத் திறந்து எழுதினாள்: "இன்னா பொட்டி இது? ரேடியோவா? சினிமா பாட்டு வருமா?"

நான் எழுதினேன்: "இரைச்சல் மட்டும் வரும்."

அவள் ஒயரைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்து, எழுதினாள்: "இத்த எப்டி நாள் பூரா கேக்கற? எங்க ஊட்டு எஞ்சின் போட்டே தேவலாம்."

அவள்தான் என் பெஞ்சுக்காரி. இதற்கு மேல் அவளை அப்படியே சொல்கிறேன். உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம். தினமும் படகில் ஆற்றைத் தாண்டி வருவாள். பாவாடை ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும். உலர்ந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கையால் பேசுவதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் காற்றில் கத்தினால் கேட்காது, கையைத்தான் காட்டுவார்கள். வலை கனக்கிறது, திரும்பு, இந்தப் பக்கம் பாறை என்பதெல்லாம் அவள் அப்பாவிடம் பார்த்து அவளுக்குப் பழக்கம். அதே கையோடு என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பள்ளியில் என் கையைப் பிடிக்க அம்மா இல்லை.

பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பெஞ்சுக்காரி என்னைக் குப்பத்துக்குக் கூட்டிப்போனாள். படகிலிருந்து இறங்கும்போது பட்டை அறுந்து பெட்டி ஆற்றில் விழுந்தது. அவள் பாவாடையோடு குதித்து எடுத்தாள். வெயிலில் வைத்தோம், கருவாட்டோடு கருவாடாக. மாலையில் மாட்டிப் பார்த்தால் இரைச்சல்கூட இல்லை. சுத்தமாகச் செத்துவிட்டது.

நான் வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் செத்த பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தேன். அம்மா தவறாமல் பேட்டரி மாற்றினாள். "இப்பதான் புள்ள நல்லா கேட்டுக்குது" என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அதே ஆடியில் அப்பா ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேருந்தில் புதுச்சத்திரத்தில் இரண்டு பேரும், அடுத்து ஒரு நிறுத்தத்தில் இன்னொருவரும் ஏறுவார்கள். மூன்று பேரும் கையாலேயே பேசிக்கொண்டு வருவார்கள். இறங்குவது சிதம்பரம். எங்கே போகிறார்கள் என்று அப்பா ஒருநாள் எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு, "புள்ளைக்குக் கோயில் காட்டிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரவைத்தார்.

தெற்கு வீதியில் ஒரு தையல் கடை. விடுமுறை நாள், பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனதும் புதுத்துணியின் கஞ்சி வாசனை. தரையெல்லாம் கலர் கலராக வெட்டுத்துணி. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. எல்லார் கையும் அசைந்தது. ஒருவர் ஏதோ சொல்ல, வட்டம் முழுக்கத் தோள் குலுங்கச் சிரித்தது. இன்னொருவர் மறுத்தார். தையல்காரர் மனைவி புகுந்து இரண்டு பேரையும் அடக்கினாள். எனக்குப் பதினொரு வயது. ஒரு வரி விடாமல் வேகமாகப் பேசிக்கொள்கிற காது கேளாதவர்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் ஒருத்திதான் இப்படி என்றுகூட நினைத்திருந்தேன் போல.

தையல்காரர் மனைவி என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். எழுதும்போதும் யோசிக்கும்போதும் நான் கீழுதட்டைக் கடிப்பேன். அவள் தன் உதட்டைக் கடித்து, விரலால் அதைத் தொட்டுக் காட்டி, என்னைச் சுட்டினாள். அதுதான் என் பெயர். இன்றைக்கும் அதுதான்.

அப்பா அடுத்த ட்ரிப் போய்த் திரும்பி வரும்வரை நான் அங்கேயே இருப்பேன். திரும்பும் வழியில் அவர் மறக்காமல் கோயிலுக்குள் ஓடிப்போய் விபூதி வாங்கி வந்து என் நெற்றியில் பூசுவார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பெண் என்று அம்மாவுக்கு அவ்வளவு பெருமை.

ஞாயிறு சிதம்பரத்தில் கற்றது திங்களன்று உங்களிடம் வந்தது. முதலில் பெஞ்சுக்காரி, பிறகு முன் பெஞ்சு, பிறகு எல்லாரும். உங்களுக்கு நினைவிருக்கும், கணக்கு சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், வகுப்பே கையால் பேசும். அவர் திரும்பிப் பார்த்தால் நாற்பது பேரும் கை கட்டி உட்கார்ந்திருப்போம். "இந்த கிளாஸ் மாதிரி அமைதியான கிளாஸ் இந்த ஸ்கூல்லயே கெடையாது" என்று அவர் பெரிய டீச்சரிடம் சொன்னாராம். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். சாப்பாட்டு நேரத்தில் யார் யாரைத் திட்டினார்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்பது அந்த நாலைந்து மாதம் எனக்கு உடனுக்குடன் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நானும் சும்மா சிரித்துவைப்பேன்.

இனி அரையாண்டுத் தேர்வு.

தமிழம்மாவின் 'சொல்வதை எழுதுதல்' ஞாபகம் இருக்கிறதா? பத்துச் சொல், பத்து மதிப்பெண். அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வார். முகம் எனக்குத் தெரியாது. முதுகும் கொண்டையும் தெரியும். ஜூன் முதல் அதில் எனக்குப் பூஜ்யம். எனக்கு எழுத்துத் தெரியும், சொல்தான் வந்து சேரவில்லை. வெற்றுத் தாளில் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுப்பேன்.

டிசம்பர் மழை. ஜன்னல் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது என்று பெஞ்சை எல்லாம் நெருக்கிப் போட்டிருந்தார்கள். தேர்வு அட்டையை மடியில் வைத்து எழுதினோம். அட்டையின் கிளிப் துருப்பிடித்து என் தாள் மூலையில் காவி நிறமாகப் பதிந்தது. தமிழம்மா முதல் சொல்லைச் சொன்னார். பெஞ்சுக்காரி வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையை எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள். கை படகானது. அலையில் ஏறி இறங்கியது. கரையில் வந்து முட்டி நின்றது.

நான் எழுதினேன்: துறைமுகம்.

நாங்கள் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை. என் வெற்றுத் தாளை அவளால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏழாவது சொல் வரைக்கும் வந்தோம். நான் தாளிலிருந்து நிமிர்ந்தபோது தமிழம்மா எங்கள் முன்னால் நின்றிருந்தார்.

என் தாளையும் அவள் தாளையும் பிடுங்கினார். பெஞ்சுக்காரிக்கு ஸ்கேலால் முழங்கையில் நாலு அடி. என்னை அடிக்கவில்லை. அது எனக்கு அடியைவிட வலித்தது. இரண்டு பேரையும் வெளியே முட்டி போட வைத்தார்கள். வராந்தாவில் மழைத்தண்ணீர் ஓடியது; முட்டிக்குக் கீழே ஜில்லென்று இருந்தது. காப்பியடித்ததற்கு என்னை அனுப்பிவிடுவது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வது என்று முடிவாகி, மறுநாள் வீட்டுக்கு ஆள் வந்தது.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பெரிய டீச்சர் அறையில் மேசைமேல் இரண்டு தாளும் இருந்தன. பெஞ்சுக்காரி ஒரு மூலையில் நின்றாள். அவள் அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் போயிருந்ததால் அவளுக்காக யாரும் வரவில்லை.

பெரிய டீச்சர் நிதானமாகத்தான் பேசினார். "நான் கோவமா சொல்லலம்மா. அவுங்களுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு. இங்க இருந்தா இவளும் கெட்டு, பக்கத்துல இருக்கற புள்ளயும் கெடுது. பாருங்க, காப்பி."

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா இரண்டு தாளையும் கையில் எடுத்தார். டிக்கெட் கட்டைச் சரிபார்க்கிற மாதிரி ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு தாள்களை மேசையில் வைத்து விரலை நகர்த்தினார்.

"டீச்சர், இந்தப் புள்ள 'துரைமுகம்'னு எழுதியிருக்குது, சின்ன ர. எம்பொண்ணு பெரிய ற போட்டிருக்குது. இது 'வாளைப்பளம்', எம்பொண்ணு 'வாழைப்பழம்'. 'பரவை', எம்பொண்ணு 'பறவை'. ஏழுல நாலு தப்பு அதுக்கு. எம்பொண்ணுக்கு ஒண்ணுகூட இல்ல. பாத்து எழுதறவ தப்பையும் சேத்துதானே எழுதுவா?"

தமிழம்மா தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அந்தத் தாள் இன்னும் திருத்தப்படவே இல்லை.

நம் ஊரில் ழகரம் எல்லார் வாயிலும் ளகரம்தானே, தோழிகளே. ர, ற இரண்டும் ஒன்றுதான். கேட்டு எழுதுகிறவளுக்கு எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஆறு வயதுக்குப் பிறகு நான் எந்தச் சொல்லையும் கேட்டதில்லை. பார்த்ததுதான். பார்த்தபடி எழுதுவேன்.

"அப்ப எப்படி எழுதுனா?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

அப்பா மூலையில் நின்றவளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

பெஞ்சுக்காரி பயந்துகொண்டே, "நா கையால சொன்னேன் டீச்சர். எழுத்து அவளுதுதான்" என்றாள்.

தமிழம்மா புத்தகத்தை எடுத்தார். என்னைச் சுவர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெஞ்சுக்காரி என் முன்னால். புதிதாகப் பத்துச் சொல். முதல் சொல்லுக்கு அவள் ஒரு கையை உயரத் தூக்கி, விரல்களை விரித்து, மெதுவாகச் சுற்றினாள். கலங்கரை விளக்கம். இன்னொன்றுக்குக் கதவைச் சாத்தி, கட்டைவிரலால் எதையோ இழுத்துப் பொருத்தினாள். தாழ்ப்பாள். ழ், ப்பா, ள். எல்லாம் அதனதன் இடத்தில்.

பத்தில் ஒன்பது சரி. ஒன்றுதான் தப்பு. அவள் கிழக்கே கை காட்டி, வட்டமாக எழுந்து வரச் செய்தாள். நான் 'சூரியன்' என்று எழுதினேன்.

"நான் சொன்னது கதிரவன்" என்றார் தமிழம்மா.

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்றாள் பெஞ்சுக்காரி.

தமிழம்மா சிரித்துவிட்டார். பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. பேனாவை எடுத்து, என் பழைய தாளில் ஏழு சொல்லுக்கும் ஏழு சரி போட்டு, கையெழுத்திட்டார். முந்தின நாள் அடித்த முழங்கையைப் பார்த்து, "வலிக்குதா?" என்று அவளிடம் கேட்டார்.

இந்த நேரம் முழுக்க நான் அம்மாவைப் பார்க்கவில்லை. திரும்பியபோது அவள் கண் பெஞ்சுக்காரியின் கைமேல் இருந்தது. முந்தானையை வாயில் வைத்திருந்தாள். நான் படித்த பள்ளியில் ஒருத்தி என்னிடம் பேசுகிறாள், நான் புரிந்துகொள்கிறேன் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஆனாலும் அவள்தான் சொன்னாள். பெரிய டீச்சர், "சரிம்மா, இருக்கட்டும், படிக்கட்டும்" என்று முடிக்கப்போன நேரத்தில், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், ஒண்ணே ஒண்ணு. கை காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. காட்டுனா பேச்சே வராதாம். அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலின் ரகசியம் அவளுக்கு அந்த அறையிலேயே பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். துறைமுகத்துக்குத் திரும்புகிற இடத்தில் என் பக்கம் திரும்பி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, வலது கையைக் கொஞ்சம் குவித்து, அலைமேல் போகிற மாதிரி ஆட்டினாள். இப்படியா என்று கண்ணால் கேட்டாள். நான் அவள் விரல்களைச் சரியாக மடித்துக் காட்டினேன். ஒருமுறை செய்து பார்த்தாள். உடனே கையை மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை நம்பினாள். அன்றைக்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள், நம்ப?

அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தால் பெஞ்சுக்காரி என் பக்கத்தில் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னை முன் பெஞ்சில் நடுவில், தமிழம்மாவின் உதடு தெரிகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். உங்கள் கைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் என்னிடம் கெட்டவர்களாக இல்லை. எல்லாரும் வாயை அகலத் திறந்து மெதுவாகப் பேசினீர்கள். நான் தலையாட்டினேன். பாதி புரியவில்லை. மறுபடியும் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்க ஆரம்பித்தேன்.

அடிபட்டதால் அவளுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். பிறகு எனக்கும் கோபம் வந்தது. அது பெரிய கோபம்.

ஏப்ரலில் கடைசி நாள். அவள் வாசலில் எனக்காக நின்றாள். வாழை இலையில் மடித்த பொட்டலம், வறுத்த நெத்திலி. சூடு இலைக்கு வெளியே தெரிந்தது, அவள் ஆற்றைத் தாண்டி ஓடியே வந்திருக்க வேண்டும். நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா காகிதம் பிடித்துக் கற்றுக்கொடுத்த 'ப' வரிசையில் இருந்து ஒரு சொல்லை எடுத்து, வாயால், திருத்தமாகச் சொன்னேன்:

"போ."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஏன் மலர்கிறாள் என்று புரியவில்லை. கேலி என்று எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்த விடுமுறையிலேயே என்னை வெளி மாவட்டத்தில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். உதடு படித்து எட்டாவது, பத்தாவது எல்லாம் தாங்க முடியாது என்று அம்மாவே ஒத்துக்கொண்டாள். நான் நின்றது அதனால்தான், தோழி. அங்கேயும் வகுப்பில் கை கூடாது. விளையாட்டு மைதானத்தில் எல்லாம் கைதான். படித்தேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன். இப்போது சிதம்பரம் பக்கம் சாதாரணப் பள்ளிகளுக்குப் போகிறேன். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற வகுப்புகளில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை, வகுப்பு முழுமைக்கும் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறேன். கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் போன முதல் நாள், கடைசிப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தாள். அன்றிலிருந்து மாதம் இருமுறை போவதாக இருந்த பள்ளிக்கு வாராவாரம் போகிறேன்.

என் குரலை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கடையில், பேருந்தில், நான் வாயைத் திறந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள். கை போதும்.

குழுவில் சேர்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி பெஞ்சுக்காரி எங்கே என்பதுதான். இங்க் விரல் விலாசம் அனுப்பினாள். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பில், இரண்டாவது தெருவில் இருக்கிறாளாம். மீன் ஏலக் கூடத்தில் பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்கிறவளாம். போன ஞாயிறு போனேன்.

மதியம். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். கையைத் துடைக்காமல் எழுந்து நின்று, கீழுதட்டைக் கடித்து, ஈரவிரலால் அதைத் தொட்டாள். என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளே உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டதை நான் உதட்டில் படித்தேன். சரியாகப் படித்தேனா என்று சந்தேகம். அவள் மருமகள் கைபேசியில் தட்டிக் காட்டினாள்: "உனக்குப் பேச்சு வந்துச்சானு அத்தை கேக்கறாங்க."

எனக்குப் புரியவில்லை. ஏன் அதைக் கேட்கிறாள்? மருமகள் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். அன்று நாங்கள் மூன்று பேரும் பேருந்து ஏறிப் போன பிறகு, பெரிய டீச்சர் அவளை மட்டும் அறையில் நிறுத்தி, தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறார்: "நீ நல்ல பொண்ணு. அவமேல உனக்கு ஆசைதானே? நீ கை காட்டிக்கினே இருந்தா அவளுக்குப் பேச்சு வராது. நீ வெலகி இருந்தாதான் அவ பேசுவா. யார்கிட்டயும் சொல்லாத." பன்னிரண்டு வயசுப் பெண். தானாகவே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலில் அவளைப் போ என்று சொன்ன அன்று, பேச்சு வந்துவிட்டது என்று படகில் அழுதுகொண்டே சந்தோஷமாகப் போனாளாம்.

என் கை இரண்டும் மடியில் கிடந்தன.

அவள் மறுபடியும் கேட்டாள். இந்த முறை எனக்கு மருமகள் தேவைப்படவில்லை. பேச்சு வந்துச்சா?

நான் பல வருடம் கழித்து வாயைத் திறந்தேன். அந்தக் குரல் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. மருமகள் தூக்கிவாரிப் போட்டதுபோல் நிமிர்ந்தாள்.

"வந்துச்சு" என்றேன்.

அது பொய்யா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. பெஞ்சுக்காரிக்குப் புரிந்தது. இரண்டு முறை தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்கு நேரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழெட்டு சைகைதான் நினைவிருந்தது. அதை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பேசினாள்.